தொழிற்சாலைகள் ஏன் வருகின்றன, ஏன் போகின்றன?

(தோட்டப் பாட்டாளிகளுக்கு ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



2024ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஷா ஆலாமில் இயங்கிவந்த குட்இயர் டயர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. 1972ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆலை அது. மூடப்பட்டபோது ஏறத்தாழ 550 பேர் அங்கு வேலை செய்துகொண்டிருந்தனர். இச்செய்தியை அறிந்த எவர்க்கும் ஒரு வினா எழுவது இயல்பு. ரப்பர் விளையும் நாடு இது. வேலை தெரிந்த ஆள்கள் இங்கேயே இருக்கின்றனர். சாலையில் ஓடும் கார்களுக்கும் குறைவில்லை. அப்படியிருக்க, டயர் செய்யும் ஆலை மட்டும் ஏன் போகவேண்டும்?

இது பட்டணத்தார் கவலை, தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன என்று எண்ணிவிட வேண்டா. பிள்ளைகளுள் ஒருவரேனும் தொழிற்சாலை வேலைக்குப் போகாத வீடு தோட்டப்புறத்தில் இன்று அரிது. அப்பிள்ளைகளின் சோறு அந்த ஆலைகள் நிலைப்பதைப் பொறுத்தது. ஆகவே, முதலாளிமார் ஒரு தொழிலை நாடுவிட்டு நாடு கொண்டுபோவதற்குப் பின்னே இருக்கும் கணக்கு யாது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒன்றை நினைவுகூர்வோம். நாம் வெட்டும் பால்மரமே இடம்பெயர்ந்து வந்த தொழில்தான். இது அமேசான் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் உலக ரப்பர்ச் சந்தை பிரேசிலின் கையைவிட்டு மலாயாவுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் வந்துவிட்டது.

ஏன் வந்தது? கூலி ஒரு காரணமே. அங்கே மரங்கள் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். ஒருவர் காட்டுக்குள் நெடுந்தூரம் நடந்தால்தான் ஒரு நாள் வெட்டுக்குப் போதிய மரம் கிட்டும். இங்கே நிரை பிடித்து நட்டார்கள். சரி, அங்கேயும் நிரை பிடித்து நட்டால் என்ன? அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928ஆம் ஆண்டு முதல் அதைத்தான் பிரேசிலில் செய்துபார்த்தார். மரங்கள் நெருங்கி நின்றதும் இலைக்கருகல் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி, தோட்டத்தையே அழித்தது. பெரும் பொருளை இழந்து 1945ஆம் ஆண்டு அதனை அவர் நிறுவனம் விட்டுவிட்டது. அந்நோய் கடல் தாண்டி இங்கு வராமையே நம் நாட்டு ரப்பருக்கு வாய்த்த பெரும்பேறு. ஒரு தொழில் ஓரிடத்தில் வேர்கொள்வதற்குக் கூலி மட்டுமன்றி, வெளியார் கண்ணுக்குப் புலப்படாத வேறு காரணங்களும் உண்டு என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றவுடன் அஞ்ச வேண்டா. கொட்டகையில் பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, அந்த நாள் கூலியை மனத்திலேயே போட்டுவிடும் நமக்கு இது கடினமன்று.

எடுத்துக்காட்டுக்காக ஒரு பொருளை எண்ணிக்கொள்வோம். அதனை ஒரு பணக்கார நாட்டில் செய்ய 100 வெள்ளி அடக்கம் ஆகிறது. மூலப்பொருள் 50 வெள்ளி, தொழிலாளர் கூலி 30 வெள்ளி, எந்திரத் தேய்மானமும் பிறவும் 20 வெள்ளி. கூலி மூன்றில் ஒரு பங்காக உள்ள வேறொரு நாட்டுக்குப் போனால் கூலிச்செலவு 10 வெள்ளி ஆகும். மிச்சம் 20 வெள்ளி. இவ்வளவில் நிறுத்திவிட்டால், உலகத்துத் தொழிற்சாலைகள் அனைத்தும் கூலி குறைந்த நாட்டுக்கு என்றோ போயிருக்க வேண்டும். ஆனால் கணக்கு இதனோடு முடியவில்லை. செய்த பொருளைத் திரும்பக் கொண்டுவரக் கப்பல் வாடகை 5 வெள்ளி. சரக்கு கடலில் கிடக்கும் வாரங்களில் அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி 1 வெள்ளி. வாங்கும் நாடு விதிக்கும் சுங்கவரி 5 வெள்ளி. வேலை பழகும்வரை வீணாகும் பொருள் 3 வெள்ளி. தூர தேசத்திலிருந்து மேலாளர்கள் வந்து போகும் செலவு 2 வெள்ளி. ஆக 16 போக, நிற்பது 4 வெள்ளியே. அந்த 4 வெள்ளிக்காகப் பழைய ஆலையை மூடி, அங்குள்ளவர்க்கு ஈட்டுத்தொகை கொடுத்து, புதிய கட்டடம் எழுப்பலாமா என்பதே முதலாளியின் கேள்வி. எல்லாம் நாம் கற்பித்த எண்கள். கணக்கின் போக்கு மட்டும் உண்மையானது. கப்பல் வாடகை 3 வெள்ளி கூடினாலும், கூலி சற்று உயர்ந்தாலும் அந்த 4 வெள்ளி பெரிதும் கரைந்துவிடும். வரி நீங்கினாலோ, அது 9 வெள்ளியாகும். இத்தகைய சிறு மாற்றங்களே ஆலைகளை அசைக்கின்றன.

1960களில் அப்படிப்பட்ட மாற்றங்கள் பல ஒருங்கே நிகழ்ந்தன. சரக்கை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றிய காலம் போய், இரும்புக் கொள்கலன்கள் வந்தன. 1956ஆம் ஆண்டு 58 கொள்கலன்களோடு அமெரிக்காவில் ஒரு கப்பல் புறப்பட்டது அதன் தொடக்கம். அமெரிக்கச் சுங்கச் சட்டத்திலும் ஒரு வாயில் இருந்தது. அமெரிக்க உதிரிப் பாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே பூட்டித் திரும்பக் கொண்டுவந்தால், முழு விலைக்கும் வரி இல்லை. வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டுமே வரி. மின்னணுத் தொழிலுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அமைந்தது. சில்லு எடையற்றது, ஒரு பெட்டியில் பெரும் பணத்தை விமானத்தில் ஏற்றிவிடலாம்.

அதே காலத்தில் பினாங்கு மாநிலம் துன்புற்றிருந்தது. 1969ஆம் ஆண்டு தீவு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாதோர் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர். முதலமைச்சராய் வந்த டாக்டர் லிம் சோங் இயூ தலைமையில் மாநில அரசு வளர்ச்சிக் கழகம் ஒன்றை அமைத்தது. 1971ஆம் ஆண்டு சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே பாயான் லெப்பாஸில், விமான நிலையத்தின் அருகே, நெல் விளைந்த நிலத்தில் ஆலைகள் எழுந்தன. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பூட்டு ஆலையை 1972ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலட்-பேக்கார்டு, நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ் ஆகியவையும் வந்தன. கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்து ஏறி முதன்முதலாகச் சம்பளக் கவரைத் தம் கையால் வாங்கியது அக்காலத்தில்தான்.

டயர் ஆலை வந்த கதை வேறு. சில்லு ஆலை நம் கைகளைத் தேடி வந்தது; செய்ததையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பியது. டயர் ஆலையோ நம் சந்தையைத் தேடி வந்தது. டயர் என்பது பெரும்பாலும் வெற்றிடம். கப்பலில் அது பிடிக்கும் இடத்துக்குக் கொடுக்கும் வாடகை மிகுதி. அன்று நாடுகள் தம்மைச் சுற்றி வரிச்சுவர் எழுப்பியிருந்தன. இங்கே விற்க வேண்டுமானால் இங்கேயே செய்வதுதான் ஆதாயம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சிறிய ஆலை என்பது அக்கால வழக்கம்.

அந்தச் சுவர் பின்னர் இறங்கியது. 1992ஆம் ஆண்டு ஆசியான் நாடுகள் தம்முள் தடையற்ற வாணிபத்திற்கு உடன்பட்டன. 2010ஆம் ஆண்டளவில் மலேசியா உள்ளிட்ட ஆறு நாடுகள் தமக்குள் பெரும்பாலான பொருள்களின் மீதிருந்த வரியை நீக்கிவிட்டன. சுவர் இல்லாதபோது ஆறு நாட்டில் ஆறு சிறிய ஆலைகள் எதற்கு? இரண்டு பெரிய ஆலை போதும் என்று கணக்கு மாறுகிறது. இதில் கூலி ஏறியதா இறங்கியதா என்பதற்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்கவும். தடையற்ற வாணிபத்தால் நம் நாடு அடைந்த நன்மைகள் பல. அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும் சுவர் இறங்கியபோது அதன் நிழலில் நின்ற ஆலைகளின் நிலை மாறிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கு முன்னோடி அமெரிக்காவிலேயே உண்டு. ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தை உலகின் ரப்பர்த் தலைநகர் என்பார்கள். குட்இயர் 1898ஆம் ஆண்டு தோன்றியதும் அங்கேதான். ஃபயர்ஸ்டோன், குட்ரிச், ஜெனரல் ஆகிய பெரிய டயர்க் குழுமங்களும் அந்நகரத்தவையே. நம் தோட்டங்களில் வடித்த பாலில் எவ்வளவோ அந்நகரத்து டயர்களாயிற்று. 1980களில் அங்கே சாதாரணக் கார் டயர் செய்வது ஏறக்குறைய நின்றுபோயிற்று. தொழிற்சங்கம் வலுத்துக் கூலி உயர்ந்ததுதான் காரணம் என்று பலர் சொல்வர். அது பாதி உண்மையே. பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946ஆம் ஆண்டு ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. பழைய டயரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காலம் உழைத்த டயர் அது. அமெரிக்க நிறுவனங்கள் அதைத் தள்ளிப்போட்டன. தவிர்க்க முடியாது என்று ஆனபோது, ஆக்ரனில் இருந்த பல மாடிப் பழைய கட்டடங்களில் புதிய எந்திரங்களுக்கு இடமில்லை. புதிய ஆலைகளை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கட்டினார்கள். பழைய ஆலையில் முதல் போடுவதை நிறுத்தி, அது தானாய் மூப்படைய விட்டார்கள் என்றும் சொல்லலாம். தொழிலாளர்க்கு இங்கொரு குறிப்பு உண்டு. மூடப்போகும் ஆலை பெரும்பாலும் பல ஆண்டுகளுக்கு முன்பே அடையாளம் காட்டும். புதிய எந்திரம் வராது; விலகிய பொறியாளர் இடத்துக்கு வேறொருவர் வரமாட்டார்; புதிய மாதிரிப் பொருள்கள் வேறு நாட்டு ஆலைக்குப் போகும். சங்கத்துப் பொறுப்பாளர்கள் சம்பளப் பேச்சில் காட்டும் கூர்மையை இவற்றைக் கவனிப்பதிலும் காட்டவேண்டும்.

அப்படியானால் பினாங்கு ஆலைகள் ஏன் போகவில்லை? 1985ஆம் ஆண்டு உலகச் சந்தை சரிந்து நம் நாட்டுப் பொருளாதாரமே சுருங்கியபோது ஆயிரக்கணக்கான மின்னணுத் தொழிலாளர் வேலை இழந்தனர். எல்லாம் மூட்டை கட்டிவிடும் என்று அஞ்சியோர் அன்று பலர். சில போயின, சில கைமாறின. ஆயினும் இன்டெல், ஏஎம்டி, போஷ் போன்றவை ஐம்பது ஆண்டு கடந்து இன்றும் அங்கே இருக்கின்றன. கம்பி பூட்டும் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. அவ்வெந்திரத்தை ஓட்டவும், பழுது பார்க்கவும், சில்லைச் சோதிக்கவும், பின்னர் வரையவும் உள்ளூர் மக்கள் பழகினர். ஆலைக்கு வேண்டிய அச்சும் உதிரிப் பாகமும் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகள் அருகிலேயே பெருகின. 1989ஆம் ஆண்டு மாநில அரசும் நிறுவனங்களும் கூடித் திறன் மேம்பாட்டு மையம் ஒன்றை நிறுவின. போட்டி நிறுவனங்கள் தம் தொழிலாளரை ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றுவித்தன. கூலி நாற்பது ஆண்டில் ஏறிக்கொண்டேதான் வந்தது. ஆனால் ஓர் ஆலையைப் பெயர்க்கும்போது இந்தப் பட்டறைகளையும், பழகிய ஆள்களையும் உடன் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. வந்தபோது இருந்த காரணம் மறைந்துவிட்டது. தங்குவதற்கு வேறு காரணம் முளைத்துவிட்டது.

ரப்பரிலும் நமக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. கையுறைத் தொழிலைச் சொல்கிறோம். மரத்திலிருந்து வரும் நூறு கிலோ பாலில் ஏறத்தாழ முப்பது கிலோதான் ரப்பர், மீதி நீர். எந்திரத்தில் சுழற்றிக் கெட்டியாக்கினாலும் அறுபதுக்கு மேல் பெரிதும் ஏறாது. அதாவது பாலை அனுப்பினால் தண்ணீருக்கும் சேர்த்துக் கப்பல் வாடகை கொடுக்கவேண்டும். கையுறையாக அனுப்பினால் அந்தச் செலவு இல்லை. 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் நோய் அச்சத்தால் மருத்துவமனைகள் கையுறை கேட்டபோது, ஆலைகள் பால் இருக்கும் இடத்திற்கே வந்தன. 2020க்கு முன்பு உலகத்துக் கையுறைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மலேசியாவில் செய்தவை.

ஆனால் இதிலும் காரணம் நழுவிவருகிறது. 1980களின் இறுதியில் ஆண்டுக்குப் பதினாறு லட்சம் டன் ரப்பர் விளைவித்து உலகில் முதலிடத்தில் இருந்தோம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து நம்மை முந்தியது. அண்மைய ஆண்டுகளில் நம் விளைச்சல் நான்கு லட்சம் டன்னுக்கும் குறைவு. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல இடங்களில் வீடுகள் எழுந்தன. இன்று நம் ஆலைகளுக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது; கையுறைகளிலும் செயற்கை ரப்பர் மேலோங்கிவிட்டது. பால் இங்கே இருப்பதால் வந்த தொழிலுக்கு, பால் இங்கே இல்லை.

கூலிச் செலவை அடக்க இத்தொழில் நாடுவிட்டுப் போகவில்லை. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள்களைக் கொண்டுவந்தது. தொழிலை ஆளிடம் கொண்டுபோவது ஒரு வழி. ஆளைத் தொழிலிடம் கொண்டுவருவது மற்றொரு வழி. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டனார் கதையும் இந்த இரண்டாம் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் அந்த அயல்நாட்டுத் தொழிலாளரை நம் வாய்ச்சோற்றைப் பறிக்க வந்தவராய் நாம் பார்ப்பது முறையன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின்பேரில் சில மலேசியக் கையுறைகளைத் தன் நாட்டுக்குள் விடவில்லை. ஆள்களை மலிவாய் நடத்தி மிச்சம் பிடிப்பதும் இன்று செலவில் முடியலாம் என்பதை முதலாளிமார் அப்போது கண்டுகொண்டனர்.

இனி, ஆலையோ தோட்டமோ மூடப்பட்டால் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவேண்டும். இது தெரியாமையால் உரியதை இழப்போர் பலர்.

தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள ஒழுங்குவிதிகளின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் வேலை செய்த, அவ்விதிக்கு உட்பட்ட தொழிலாளிக்கு ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை உண்டு. வேலைக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்குப் பதினைந்து நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு இருபது நாள். நாள் சம்பளம் 60 வெள்ளி, வேலை செய்தது 18 ஆண்டு என்று கொண்டால், 360 நாள் சம்பளம், அதாவது 21,600 வெள்ளி. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் இது கொடுக்கப்படவேண்டும். முன்னறிவிப்பு இதனோடு சேராத தனி உரிமை. ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாவிடில், வேலைக்காலத்துக்கு ஏற்ப நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று சட்டம் வகுத்துள்ளது. தோட்டம் கைமாறும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வந்து, நாம் தக்க காரணமின்றி மறுத்தால், ஈட்டுத்தொகை இல்லை. ஆகவே அவர் தரும் தாளைப் படித்துப் பாராமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக் கூடாது.

2018ஆம் ஆண்டு முதல் சொக்சோவின் கீழ் வேலை காப்புறுதித் திட்டமும் நடைபெறுகிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு. 1,700 வெள்ளி வாங்குவோர்க்குப் பிடிக்கப்படுவது மாதம் மூன்று வெள்ளி சில காசே. வேலை போனால், சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்தவர்க்கு, முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 விழுக்காடு என்று குறைந்துகொண்டே சில மாதம் உதவித்தொகை வரும். பயிற்சிக்கும் வழி உண்டு. வேலை இழந்த 60 நாளுக்குள் மனுச் செய்யவேண்டும். ஈட்டுத்தொகை வந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிட்டால் அந்த நாள் கடந்துவிடும்.

தோட்டத் தொழிலாளிக்கு மட்டும் உள்ள ஒரு துன்பத்தையும் இங்கே மறைக்க இயலாது. ஆலை மூடினால் தொழிலாளி வேலையை இழக்கிறார். தோட்டம் மூடினால் வேலையோடு தலைக்கு மேலிருந்த கூரையும் போகிறது. ஈட்டுத்தொகை விதிகள் வேலைக்காலத்தை எண்ணுகின்றனவே தவிர, லயத்து வீட்டில் வாழ்ந்த தலைமுறைகளை எண்ணுவதில்லை. அதனால் வீடு பற்றிய பேச்சு, நிலம் விற்கப்படும் என்ற செய்தி காதில் விழுந்த அன்றே, சங்கத்தின் வழியாகத் தனியே தொடங்கப்படவேண்டும்.

சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்த நாளைக் காட்டும் கடிதம், சொக்சோ, ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வீட்டில் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காலம் எத்தனை ஆண்டு என்று வழக்கு எழும்போது, வாய்மொழியைவிடத் தாளுக்கே தொழிலாளர் இலாகாவில் மதிப்பு மிகுதி. பட்டணத்தில் வேலை செய்யும் பிள்ளைகளிடமும், அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது அவர்களுடைய தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.